வாங்குவது மயிலாப்பூர், நட வேண்டியது யார்?

மூங்கில் என்றதும் மலையும் காடும் யானையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமிழ்நாட்டில் மூங்கில் நாள்தோறும் செலவாகும் இடங்களில் சென்னை மாநகரமும் ஒன்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மயிலாப்பூர் மாடவீதிகளில் பூ விற்பவரின் கூடை மூங்கில். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவுக்கு வரும் கூட்டத்துக்கு வழி வகுக்கக் கட்டும் தடுப்பில் மூங்கில். தியாகராய நகர் மாடி வீடுகளில் மேற்கு வெயிலை மறைக்கத் தொங்கும் தட்டி மூங்கில். அடையாற்றில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர் தோளில் சுமந்து வரும் ஏணியும் மூங்கில்தான். டிசம்பர் சீசனில் சபா மேடையில் ஒலிக்கும் புல்லாங்குழல் மூங்கில். கடைசியாக, எந்தத் தெருவிலும் எவர் வீட்டிலும் சாவு விழுந்தால் முதலில் தேடி ஓடுவது பாடை கட்டப் பச்சை மூங்கிலுக்கு. பிறந்த குழந்தையை முறத்தில் கிடத்தும் வழக்கம் உள்ள வீடுகளில் வாழ்க்கையின் முதல் நாளும் கடைசி நாளும் மூங்கிலோடுதான்.

இவ்வளவு மூங்கிலும் எங்கிருந்து வருகிறது? சென்னை மண்டிகளில் ‘அசாம் மூங்கில்’ என்ற பெயரே ஒரு சரக்கின் பெயராக நிலைத்துவிட்டது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும், கேரளத்திலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும் லாரியில் ஏறி வருகிறது. மூங்கிலின் விலையில் லாரி வாடகை கணிசமான பங்கைத் தின்றுவிடுகிறது. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் இருக்கின்றன. அங்கே கிணற்று மேட்டிலும் வரப்பு ஓரத்திலும் எத்தனையோ இடம் சும்மா கிடக்கிறது. வாங்குகிறவர் இங்கே, நடக்கூடியவர் அங்கே. இருவருக்கும் இடையே பாலம் இல்லை என்பதே இக்கட்டுரையின் குறை.

இந்த மண்ணுக்குப் புதியதல்ல

“இங்கே மூங்கில் வராது” என்று சிலர் சொல்வார்கள். திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர் வாசீசுவரர் கோயிலின் தலமரம் மூங்கில். ‘பாசு’ என்றால் மூங்கில். பாசூர் என்றால் மூங்கில் ஊர். தெற்கே திருநெல்வேலி நெல்லையப்பருக்கு வேணுவனநாதர் என்ற பெயரும், அவர் கோயிலுக்குத் தலமரமாக மூங்கிலும் உண்டு. வேய், கழை, அமை, வெதிர், பணை என்று ஒரே செடிக்குப் பழந்தமிழில் இத்தனை பெயர்கள் இருப்பது, அது நம்மோடு எவ்வளவு நெருங்கிப் பழகியது என்பதற்குச் சான்று.

மூங்கில் மரமன்று, புல். நெல்லுக்கும் கரும்புக்கும் உறவு. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மழைக்காலத்தில் குருத்து கிளம்பும்போதே அந்தக் கழியின் பருமன் எவ்வளவு என்பது முடிவாகிவிடுகிறது. இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன்பின் உயரமும் கூடாது, பருமனும் கூடாது. மூன்று ஆண்டுகள் வரை முற்றிக் கெட்டிப்படுவது ஒன்றே நடக்கும். ஆகவே மெல்லிய கழியை “பருக்கட்டும்” என்று விட்டு வைப்பதில் பயனில்லை. கிழங்கு வலுப்பட்டால் அடுத்த ஆண்டு வரும் குருத்து பருமனாக வரும். நாம் உரம் போடுவதும் நீர் பாய்ச்சுவதும் நிற்கும் கழிக்கு அல்ல, நாளை வரப்போகும் குருத்துக்கு.

விவசாயி ஏன் தயங்கினார்?

காரணங்கள் மூன்று. முதலாவது, சட்டம். 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை ‘மரம்’ என்ற சொல்லுக்குள் அடக்கியிருந்தது. சொந்த நிலத்தில் வைத்த மூங்கிலை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிக்கு அலைய வேண்டிய நிலை பல மாநிலங்களில் இருந்தது. 2017 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலமும், அதைத் தொடர்ந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் மூலமும், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இது நல்ல மாற்றம். ஆனால் நம் மாநிலத்தில் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் தனியே நடைமுறையில் இருக்கிறது. எனவே வெட்டி ஏற்றும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பட்டா நிலத்து மூங்கிலுக்கு என்ன விதி என்பதை ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டினால் அரசுக்குப் பெரிய செலவு ஆகிவிடாது.

இரண்டாவது காரணம் முள். நம் ஊர்களில் பழைய மூங்கில் பெரும்பாலும் முள்மூங்கில். வேலிக்கு அதைவிடக் காவல் வேறில்லை. ஆனால் நடுவில் இருக்கும் முற்றிய கழியை எடுக்கப் போனால் உடம்பெல்லாம் கிழியும். அதனால் கைக்கு எட்டும் வெளிப்புற இளங்கழிகளையே வெட்டுவார்கள். உள்ளே முற்றியவை நெரிசலில் மக்கும். புதுக் குருத்து வர இடமிருக்காது. குற்றம் மூங்கிலுடையதன்று, வெட்டும் முறையுடையது.

மூன்றாவது காரணம் பூ. மூங்கில் பூத்தால் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் மூடநம்பிக்கையன்று. முள்மூங்கில் சுமார் 40 முதல் 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, அரிசி போன்ற விதையை உதிர்த்து, தூரோடு பட்டுப்போகும். சென்னைக் கடைகளில் விற்கும் மூங்கில் அரிசி இந்த விதைதான். மிசோரத்தில் வளரும் ஒரு வகை மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 1958-59-இல் அது பூத்தபோது விதையைத் தின்று பெருகிய எலிகள், விதை தீர்ந்ததும் வயல்களில் இறங்கின. அந்தப் பஞ்சத்தில் மக்களுக்கு உதவத் தோன்றிய அமைப்பே பின்னர் மிசோ தேசிய முன்னணியாகி, 1966-இல் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. அடுத்த முறை 2006-ஐ ஒட்டிப் பூத்தது.

இதில் நம் விவசாயிக்கு ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. ஒரே விதைத் தலைமுறையில் பிறந்த மூங்கில்கள், எங்கே கொண்டுபோய் நட்டாலும், ஏறத்தாழ ஒரே காலத்தில் பூக்கும். கிழங்கையோ கழித் துண்டையோ எடுத்து நட்டால் தாய்த்தூரின் வயதும் கூடவே வந்துவிடும். நாற்பது வயதுத் தூரிலிருந்து ‘புதுக் கன்று’ எடுத்தால் அதுவும் நாற்பது வயது மூங்கில்தான். ஐந்தாறு ஆண்டில் பூத்துப் பட்டுப்போகலாம். ஆகவே கன்று வாங்கும்போது விலையைக் கேட்கும் முன் தாய்த்தூரின் வயதைக் கேளுங்கள். அல்லது அண்மையில் விழுந்த விதையில் முளைத்த நாற்றாகவே கேட்டு வாங்குங்கள்.

பயனைப் பார்த்து ரகம்

எல்லா மூங்கிலும் எல்லாவற்றுக்கும் ஆகாது. உள்ளே பொந்து குறைந்து கெட்டியாக இருக்கும் கல்மூங்கில் வறட்சியைத் தாங்கும். ஏணிக்கால், கைத்தடி, கருவிப்பிடி, பந்தல்கால் ஆகியவற்றுக்கு ஏற்றது. மேட்டு நிலத்துக்கும் செம்மண்ணுக்கும் இதுவே பொருத்தம். முள்மூங்கில் தோப்பு வேலிக்கும் கனமான கட்டுமானத்துக்கும் ஆகும். வடகிழக்கிலிருந்து வந்த பால்கூவா இனம் முள்ளற்றது, பருமனானது. இதில் தேர்ந்தெடுத்த ரகம் திசு வளர்ப்புக் கன்றாக ‘பீமா மூங்கில்’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது. நீரும் உரமும் கொடுக்க முடிந்தவர்கள் இதை வைக்கலாம். கூடை, முறம், தட்டி முடைவோருக்கு வேண்டியது வேறு. கணுவுக்குக் கணு நீளமாகவும், பிளாச்சாகப் பிளந்தால் நார் அறாமல் வருவதாகவும், ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை வயதுள்ள பச்சைக் கழியாகவும் இருக்க வேண்டும். ஏணி செய்பவருக்கு மூன்று ஆண்டு முற்றியதற்குக் குறைந்து உதவாது.

எனவே முதலில் வாங்குபவரைப் பாருங்கள். பிறகு கன்றைப் பாருங்கள். இந்த வரிசை மாறியதால்தான் நம் விவசாயிகள் பலமுறை கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஈமு கோழியில் 2012-இல் கொங்கு நாடு பட்ட பாடு மறந்திருக்காது. மூங்கிலைப் ‘பசுந்தங்கம்’ என்று சொல்லி, ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வருமானம் என்று கணக்குப் போட்டுக் காட்டிக் கன்று விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கன்று விற்றவருக்கு வருமானம் அன்றைக்கே வந்துவிடுகிறது. நட்டவருக்கு ஐந்தாம் ஆண்டில்தான் வரும். “நீங்களே திரும்ப வாங்கிக்கொள்வீர்களா, என்ன விலைக்கு?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு எழுந்து போய்விடுவார்கள்.

நடவும் பராமரிப்பும்

முதல் முறை வைப்பவர் முழு நிலத்தையும் மூங்கிலாக்க வேண்டாம் என்பதே எம் கருத்து. வரப்பில் தொடங்குங்கள். 200 அடி நீளமுள்ள வரப்பில் 15 அடிக்கு ஒன்றாகப் பதின்மூன்று தூர் வைக்கலாம். நன்றாகத் தேறிய தூர் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஐந்து கழி கொடுத்தால்கூட, ஐந்தாறு ஆண்டுக்குப் பின் வருடந்தோறும் அறுபத்தைந்து கழி. நெல்லுக்கும் காய்கறிக்கும் மேலே வரும் உபரி வரவு இது. தோப்பாகவே வைப்பதானால் 15 அடிக்கு 15 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 190 கன்றுகள் பிடிக்கும்.

நிழல் பயிரில் விழாதிருக்க வடக்கு வரப்பே நல்லது. வேர் வயலுக்குள் ஏறாமல் தடுக்க, இரண்டு அடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி விடுங்கள். குழி இரண்டு அடி நீளம், அகலம், ஆழம். தொழு உரம் பத்துக் கிலோவை மேல்மண்ணோடு கலந்து இட்டு, ஆடி, ஆவணி மழையில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு கோடையில் விடாமல் நீர் ஊற்றிக் காப்பாற்ற வேண்டும். தூரைச் சுற்றி மண் அணைத்து, உதிர்ந்த இலையையே மூடாக்காகப் போடுங்கள். நீர் தேங்கும் இடமும் உவர் நிலமும் ஆகாது. கடலோர மணலில் சவுக்கு வைத்திருப்பவர்கள் சவுக்கையே தொடரட்டும். அந்த இடத்தில் மூங்கில் அதற்கு இணையாகாது.

குருத்துப் பருவத்தில் ஆடு மாடு நுழையக்கூடாது. இதைப் பற்றி ஒரு பழைய வரலாறு உண்டு. 1970-களில் கர்நாடகத்தில் காட்டு மூங்கிலைக் காகித ஆலைக்கு அரசு டன் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தது. கூடை முடைவோர் சந்தையில் அதைப்போலப் பல நூறு மடங்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. மூங்கில் அழிந்து வருகிறது என்று அவர்கள் முறையிட்டதை அடுத்து, சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் அதை ஆராய்ந்தார். வெட்டுவதற்கு வசதியாகத் தூரின் அடியில் இருந்த முட்களை வனத்துறை சுத்தம் செய்திருந்தது. அந்த முள்ளே குருத்துக்கு வேலி. அது போனதும் மாடும் குரங்கும் முள்ளம்பன்றியும் குருத்தைத் தின்று தீர்த்தன. கிராமத்தார் அறிந்திருந்த இந்த உண்மை அலுவலகத்துக்கு எட்டவில்லை. முள்ளில்லா ரகம் வைப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும். முள் இல்லையென்றால் வேலி நாம்தான் போட வேண்டும்.

வெட்டுவதே வேளாண்மை

மூங்கிலில் வருமானத்தைக் கெடுப்பது பூச்சியன்று, அரிவாள். குருத்து கிளம்பும் மழைக்காலத்தில் தூரைத் தொடாதீர்கள். மழை ஓய்ந்து தை, மாசியில் வெட்டுங்கள். மூன்று வயதைக் கடந்ததை மட்டும் எடுங்கள். முதல் வயது, இரண்டாம் வயதுக் கழிகளே வரப்போகும் குருத்துக்குச் சோறு போடுபவை. முடைவோருக்கு இளங்கழி விற்பதானால் ஒரு தூரில் ஒன்றிரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். அடையாளத்துக்கு, ஆண்டுதோறும் புதுக் கழியில் ஒரு நிறச் சாயம் தடவி வையுங்கள். எந்த ஆண்டுக் கழி என்று கூலியாளுக்கும் தெரியும். தரையிலிருந்து ஓர் அடிக்குள், கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் குழியில் நீர் தேங்காது. நெருங்கிப்போன பழைய தூரை ஒரு பக்கம் திறந்து, குதிரை லாட வடிவில் உள்ளே போய் முற்றியதை எடுக்க வேண்டும்.

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். உளுப்பதற்குக் காரணம் கழிக்குள் இருக்கும் மாவுச் சத்து. அதைத் தேடித்தான் வண்டு துளைத்துப் பொடி கொட்டுகிறது. பிறையைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் பருவத்தைத் தவறவிட வேண்டாம். வெட்டிய கழியை இரண்டு மூன்று வாரம் குளத்து நீரில் ஊறப்போட்டு நிழலில் நிறுத்தி உலர்த்தும் நம் பழைய வழக்கம் இந்த மாவைக் கரைத்துவிடும். ஊறப்போட்ட மூங்கிலுக்கு நீடித்த ஆயுள் உண்டு. ஆயுள் உள்ள சரக்கைத் தேடி வாங்குபவர் மறுமுறையும் வருவார்.

நகரவாசிகளுக்கு இரண்டு வார்த்தை

அடையாறு, மயிலாப்பூர் வீடுகளில் மஞ்சள் மூங்கிலை அழகுக்கு வைக்கிறார்கள். வைக்கட்டும். மதிலை ஒட்டி வைக்காமல் குறைந்தது பத்தடி தள்ளி வையுங்கள். இடமில்லாதவர்கள் சிமெண்டுத் தொட்டியில் வைத்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்துவிடுங்கள். தியாகராய நகர்க் கடைகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் விற்கும் ‘அதிர்ஷ்ட மூங்கில்’ மூங்கிலே அன்று; அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறொரு செடி.

அடையாற்றின் கரை முழுதும் மூங்கில் வைத்தால் வெள்ளம் தடுக்கப்படும் என்று 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சிலர் பேசினார்கள். கரை மண்ணைப் பிடித்து நிறுத்த மூங்கில் வேர் உதவும் என்பது உண்மை. ஆனால் அது மேற்பகுதியில், நன்னீர் ஓடும் கரைகளுக்கு, நீரோட்டத்தை மறிக்காமல் மேல்மட்டத்தில் வைத்தால்தான். முகத்துவாரத்தை ஒட்டிய உப்பங்கழியில் மூங்கில் வராது. அங்கே அலையாத்திதான் காவல்.

செய்ய வேண்டியவை

2006-07-இல் தொடங்கி 2018-இல் திருத்தி அமைக்கப்பட்ட தேசிய மூங்கில் இயக்கம் கன்றுக்கு உதவுகிறது. 2020 ஜூனில் இறக்குமதி மூங்கில் குச்சிக்குச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2022-இல் திறந்த பெங்களூரு விமான நிலைய இரண்டாம் முனையத்தின் கூரை முழுதும் மூங்கிலால் அழகு செய்யப்பட்டிருக்கிறது. மூங்கிலுக்கு மதிப்புக் கூடுகிறது என்பதற்கு இவை அடையாளங்கள். ஆயினும் கன்று கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. எம் யோசனைகள் மூன்று.

ஒன்று: காய்க்கும் பூவுக்கும் 1996 முதல் கோயம்பேடு இருப்பது போல, சென்னையின் தெற்கு எல்லையில் விவசாயி நேரே கொண்டுவந்து கழியை இறக்கி, ஊறல் தொட்டியில் போட்டு, தரம் பிரித்து ஏலத்தில் விற்க ஒரு கிடங்கு வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒரு மூலையை ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.

இரண்டு: அந்தக் கிடங்கில் கூடை முடைவோருக்கு முதல் உரிமையும் கடன் வசதியும் தர வேண்டும். நடைபாதையில் உட்கார்ந்து முடையும் குடும்பங்கள் வட்டிக்கு வாங்கித்தான் மூங்கில் வாங்குகின்றன. அடுத்த தலைமுறை அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிட்டால், நாம் விளைவிக்கும் மூங்கிலைப் பிளக்கவும் ஆள் இருக்காது. பிளக்கும் கை இல்லாத ஊரில் மூங்கிலுக்கு விறகு விலைதான்.

மூன்று: 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை இம்மாநிலம் தடை செய்தது. ஆனால் பூக்கூடையின் இடத்தைப் பிளாஸ்டிக் கூடை பிடித்துக்கொண்டது. அறநிலையத் துறைக் கோயில்கள் பூவுக்கும் பிரசாதத்துக்கும் குப்பைக்கும் மூங்கில் கூடையே வாங்குவது என்று முடிவு செய்தால் போதும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவான்மியூர்க் கோயில்கள் மூன்றுமே ஆண்டு முழுதும் வேலை கொடுக்கும்.

விவசாய அன்பர்களுக்கு ஒரு சொல். மூங்கில் அவசரக்காரன் பயிரன்று. இன்றைய கடனை அடைக்க அதை நம்பாதீர்கள். ஆனால் மகளுக்கு ஐந்து வயதாகும்போது வரப்பில் வைத்தால், அவள் கல்லூரிக்குப் போகும்போது ஆண்டுதோறும் கை கொடுக்கும். திருமண வாழ்த்தில் சுற்றம் மூங்கிலைப் போல் பெருக வேண்டும் என்று சொல்வது வழக்கம். மூங்கில் தனிக் கழியாக நிற்பதில்லை, தூராகத்தான் நிற்கும். நடுபவர், வெட்டுபவர், முடைபவர், வாங்குபவர் ஆகிய நால்வரும் ஒரு தூராக நிற்க வேண்டும். இந்த ஆடியில் பத்துக் கன்று வையுங்கள். வைக்கும் முன் அருகிலுள்ள நகரத்தில் கூடை முடைபவர் ஒருவரைப் பார்த்து, என்ன கழி வேண்டும் என்று கேட்டுவிட்டு வையுங்கள்.